இருவரும் ஒருவரே

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் பூரா நான் ஜமாபந்திக்கு, கிராமக் கணக்கு சரிபாக்கப் போன ஊருங்கதான். நீங்க எதுவரைக்கும்? ராமநாதபுரமா? அப்ப நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். பொண்டாட்டியக் கூப்பிட்டுக்கிட்டு வரப் போறேன்.

சண்டையெல்லாம் கிடையாது. அப்படி நினைச்சிராதீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்ததில்ல. நான் சொல்வேன், அவ கேட்டுக்குவா. அக்கம்பக்கத்துல எல்லாரும் பொறாமைப்படுவாங்க, அப்படி ஒரு ஒத்துமை. அதுல யாரு கண்ணு பட்டுச்சோ, இந்தக் கம்ப்யூட்டர் வந்து கெடுத்துருச்சு. ஆமா, கம்ப்யூட்டர்தான். சிரிக்காதீங்க.

என் பேரு தண்டபாணி. ரெவின்யூல இருந்தேன், துணைத் தாசில்தாரா ரிட்டயர் ஆனேன். உங்களுக்கு 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் தெரியுமா? தெரிஞ்சிருக்காது, உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகல போலருக்கு. ஒரு பொம்பளை வருவா. பள்ளிக்கூட சர்டிபிகேட்டுல அப்பன் இனிஷியல் இருக்கும். ரேஷன் கார்டுல புருஷன் இனிஷியல் இருக்கும். பேங்க்காரன், ரெண்டும் நீதானா, எழுதி வாங்கிட்டு வான்னு திருப்பி அனுப்பிருவான். நம்மகிட்ட வந்து நிப்பா. கிராம நிர்வாக அலுவலர் விசாரிச்சு எழுதுவாரு, வருவாய் ஆய்வாளர் எழுதுவாரு, கடைசியா நாங்க முத்திரை போடுவோம். 'மேற்படி இருவரும் ஒருவரே.' அவ்வளவுதான். இந்தக் கையால எத்தனை பொம்பளைங்கள ஒண்ணாக்கிருக்கேன்னு கணக்கே கிடையாது. சில பேரு அந்தப் பேப்பர வாங்கிட்டு அழுவாங்க. எதுக்கு அழுகுறாங்கன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. வேலை முடிஞ்சதேன்னு இருக்கும்.

அப்படிப்பட்டவன் வீட்டுல, என் பொண்டாட்டி ரெண்டு ஆளாம். எங்க போய்ச் சொல்றது இத?

ஆரம்பத்துலேருந்து சொல்றேன். 'ஆளறி'ன்னு ஒரு தளம் இருக்கு, கம்ப்யூட்டர்ல. சின்னப் பசங்க சேந்து நடத்துறாங்க, சம்பளம் கிடையாது, சும்மா ஆர்வம். நம்ம பக்கத்துல எதையாவது உருப்படியாச் செஞ்சவங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டிருக்காங்க. பாடினவன், ஆடினவன், பள்ளிக்கூடம் கட்டினவன், ஒருத்தரையும் விடல. ரிட்டயர் ஆனப்புறம் பொழுது போகணும்ல, என் பேர அதுல அடிச்சுப் பாத்தேன். அடேயப்பா, எத்தனை தண்டபாணி! நாதஸ்வரக்காரர் ஒருத்தர், சித்த வைத்தியர் ஒருத்தர், மல்யுத்தக்காரர் ஒருத்தர். ஜல்லிக்கட்டுக் காளை வளத்தவருக்குக்கூட ஒரு பக்கம். ஆள் மாறிறக் கூடாதுன்னு ஒவ்வொரு பேருக்கும் பின்னால அவங்க தொழிலப் போட்டிருக்கு. துணை வட்டாட்சியர் தண்டபாணின்னு மட்டும் ஒருத்தனும் இல்ல.

எழுதிப் போட்டேன். பானுன்னு ஒரு பொண்ணு, ராமநாதபுரத்துப் பொண்ணு, அதுதான் பதில் எழுதுச்சு. உங்களப் பத்தி வெளியில யாராச்சும் எழுதியிருக்காங்களா ஐயான்னு கேட்டுச்சு. எனக்கு வந்த மாறுதல் உத்தரவு அத்தனையும் அனுப்புனேன், கெஜட்டுல வந்த பேரோட. அதெல்லாம் கணக்குல வராதுன்னுருச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா எனக்கு எரிஞ்சுது. காளை வளத்தவன் கணக்குல வருவான், நான் வரமாட்டேனாம்.

அந்த எரிச்சல்லதான் குமுதா பேர அடிச்சேன். குமுதவல்லி, என் வீட்டுக்காரி. அவ பேருல எங்க இருக்கப் போகுதுன்னு அடிச்சா, ரெண்டு இருக்கு!

ஒண்ணு, த. குமுதவல்லி. சமையல் நூலாசிரியர். அது தெரிஞ்ச கதைதான். என் ரிட்டயர்மென்ட் விழாவுக்கு நான் ஒரு புஸ்தகம் போட்டேன், 'தண்டபாணி இல்லக் குழம்பு வகைகள்'னு. எங்கம்மா வைக்கிற குழம்பெல்லாம் நான் சொல்லச் சொல்ல ஆபீஸ் டைப்பிஸ்ட் அடிச்சுக் குடுத்தாரு. பொம்பளை பேருல வந்தாத்தானே சமையல் புஸ்தகம் எடுபடும்? அதனால அவ பேரப் போட்டேன். முன்னுரை நான், நன்றியுரை நான். அவளுக்கு எவ்வளவு பெரிய கௌரவம் பாருங்க. புஸ்தகத்த அவ கையில குடுத்தப்ப வாங்கி ஃபிரிட்ஜ் மேல வச்சா. இன்னும் அங்கதான் இருக்கு.

இன்னொண்ணு, சொ. குமுதவல்லி. பறவை ஆய்வாளர்.

என்னடான்னு படிக்கிறேன். ராமநாதபுரம் பக்கம் ஓவிய வாத்தியார் சொக்கலிங்கத்தின் மகள்னு போட்டிருக்கு. தம்பி, அது என் மாமனாரு! கண்மாய்க்கு வர்ற கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா எல்லாத்தையும் வருஷக்கணக்கா கரையில நின்னு பாத்து, எது எந்தக் கருவேல மரத்துல கூடு கட்டுது, எந்த வருஷம் தண்ணி இல்லாம கட்டல, எல்லாத்தையும் அந்தக் காலத்துலயே ஒரு சின்னப் பத்திரிகையில எழுதிருக்காளாம். இன்னைக்கு ஆராய்ச்சி பண்றவங்க எல்லாரும் அவ எழுதினத வச்சுத்தான் அன்னைக்கும் இன்னைக்கும் ஒப்பிட்டுப் பாக்குறாங்களாம். பக்கம் நீளமாப் போகுது. குழம்புப் பக்கம் இத்துணூண்டு, இது முழ நீளம். ரெண்டுக்கும் உச்சியில ஒரு வரி: 'இதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார். குழப்பிக்கொள்ள வேண்டாம்.' குழம்புப் பக்கத்துலயாவது 'கணவர்: தண்டபாணி'ன்னு இருக்கு. இதுல புருஷன் பேரே இல்ல.

கடைசியில ஒரு அறிவிப்பு. பறவை பாக்குறவங்க சங்கம் ஒண்ணு, அந்தக் கண்மாய்க் கரையில உயரமா ஒரு மேடை கட்டி அவ பேர வைக்கப் போகுதாம். அவங்க எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க, விழாவுக்குக் கூப்பிட்டு மரியாதை பண்ணணும்னு.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கல்யாணத்துக்கு முன்னால அவளுக்கு அந்தக் கிறுக்கு உண்டுன்னு எனக்குத் தெரியும். அவங்கப்பா செல்லம் குடுத்து, கண்ணுல வச்சுப் பாக்குற தூரக்கண்ணாடியெல்லாம் வாங்கிக் குடுத்திருந்தாரு. கல்யாணம் முடிஞ்சு அறந்தாங்கிக்கு வந்தப்பவும் ஒரு வாரம் போல விடிகாலையில கண்மாய்ப் பக்கம் போனா. நான் நயமாத்தான் சொன்னேன். இங்க பாரு குமுதா, ரெவின்யூக்காரன் பொண்டாட்டி கரையில தனியா நின்னா ஊரு என்ன பேசும்னு. அன்னைக்கோட நிறுத்திட்டா. திருப்பி ஒரு வார்த்தை கேக்கல. எங்க தாசில்தார் பையன் ஆசைப்பட்டான்னு அந்தக் கண்ணாடிய எடுத்துக் குடுத்தேன். எழுதி வச்சிருந்த பேப்பரெல்லாம் ஒரு பெட்டியில கிடந்துச்சு. எங்கம்மா வெந்நீர் அடுப்புக்குப் போட்டுட்டாங்க. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பாவம், அவங்க என்னத்தக் கண்டாங்க? குமுதா அடுப்பு முன்னால கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா, அப்புறம் எந்திரிச்சுப் போய் உலை வச்சா. இந்தக் காலத்துப் பொண்ணுங்கன்னா வீடு ரெண்டாயிருக்கும். அந்த வகையில நான் குடுத்து வச்சவன்தான்.

அதனால சந்தோஷமா ஓடிப் போய்ச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தா. பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டினேன். திரும்பப் படிங்கன்னா. படிச்சேன். இன்னொரு தடவைன்னா. அதையும் படிச்சேன். சிரிச்சா தம்பி. பல்லு தெரியச் சிரிச்சா. கண்ணுல தண்ணி வேற. எங்க மக பொறந்தப்பகூட அப்படிச் சிரிச்சு நான் பாக்கல.

பாத்தியா, நம்ம பேரு எங்க போயிருக்குன்னேன். ஒண்ணே ஒண்ணுதான் குறை, இனிஷியல் பழசாக் கிடக்கு, ரெண்டு பக்கத்தையும் சேத்து த. குமுதவல்லின்னு மாத்திரச் சொல்றேன், கணவர் பேரும் ஏறிரும், மேடையிலயும் அப்படியே எழுதிருவாங்கன்னேன்.

சட்டுனு கீரைய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

வெக்கப்படுறான்னு நினைச்சேன். நான் வேலையப் பாத்தேன். என் பழைய ஆபீஸ்ல ஞானசேகரன்னு எனக்குக் கீழ இருந்த பையன், இப்ப அவன்தான் சீட்டுல இருக்கான். போய் உக்காந்து ஒரு 'ஒன் அண்ட் சேம்' வாங்கிட்டேன். மனுவுல அவ கையெழுத்து வேணும். அது என்ன பெரிய விஷயம், நானே போட்டேன். பேங்க், கேஸ், பத்திரம் எல்லாத்துலயும் குமுதா கையெழுத்துன்னா நான் போடறதுதான். அவளுக்குப் போடச் சொன்னா கை கோணும். சர்டிபிகேட்டையும் எங்க கல்யாணப் பத்திரிகையையும் படம் எடுத்துப் பானுவுக்கு அனுப்புனேன். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?

அந்தப் பொண்ணு உடனே போன் பண்ணுச்சு. குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். "ஐயா, நாங்க ரொம்ப நாளாத் தேடுறோம், நான் நேர்ல வரேன்"னுச்சு. ஆனா ஒண்ணு, உயிரோட இருக்கறவங்க விஷயத்துல அவங்க வாயால சொன்னாத்தான் ரெண்டு பக்கத்தையும் சேப்போம், அது எங்க விதின்னுச்சு. வாம்மா, அவ என்ன சொல்லப் போறா, நான் சொல்றதத்தான் சொல்லுவான்னேன்.

வந்துச்சு. குமுதா காப்பி கொண்டாந்து குடுத்தா. பானு எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்குச்சு. சாமிய நேர்ல பாத்த கணக்கா அவளையே பாத்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு.

"அம்மா, கண்மாய்ப் பறவைங்களப் பத்தி எழுதின சொ. குமுதவல்லி நீங்கதானா?"

குமுதா தட்டத் துடைச்சுக்கிட்டே சொல்றா, "இல்லம்மா. அது வேற ஆளு."

"ஏய், என்ன உளர்ற?"ன்னேன். பானு என்னைப் பாக்கவே இல்ல. அவளையே பாத்து, "அவங்களத் தெரியுமாம்மா உங்களுக்கு?"ன்னுச்சு.

"நல்லாத் தெரியும். சின்ன வயசுல கூடவே இருந்தவ."

"இப்ப எங்க இருக்காங்கம்மா?"

"கல்யாணமாகி அறந்தாங்கிப் பக்கம் போனா. அதுக்கப்புறம் தகவல் இல்ல."

கேட்டீங்களா? தகவல் இல்லையாம்! அறந்தாங்கியில வச்சு மூணு வேளைச் சோறு போட்டவன் நானு. தகவல் இல்லையாம். நான் சர்டிபிகேட்ட எடுத்துப் பானு முகத்துக்கு நேரா நீட்டுறேன். அரசாங்க முத்திரை, கோபுரம் போட்டது. இருவரும் ஒருவரேன்னு எழுதியிருக்கும்மா, படிச்சுப் பாருன்னு கத்துறேன். அது வாங்கிப் பாத்துச்சு. குமுதாவப் பாத்துச்சு. மடிச்சு எங்கிட்டயே குடுத்துருச்சு.

"இல்ல சார், இவங்க ரெண்டு பேரும் வேற வேறதான். எனக்கு இப்ப உறுதியாத் தெரிஞ்சிருச்சு"ன்னு சொல்லுச்சு தம்பி. அதுவரைக்கும் ஐயா, ஐயான்னது அப்ப சார் ஆயிருச்சு. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து குமுதா கையப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. எங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் என்னத்தையோ பேசி முடிச்ச மாதிரி இருந்துச்சு.

நான் விடல. ஏன்டி அப்படிச் சொன்னன்னு கேட்டேன். கோபமாத்தான் கேட்டேன், ஒத்துக்கறேன். வாழைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா, நிமிரவே இல்ல.

"அவளையாவது விட்டுருங்கங்க"ன்னா.

யாரை? யாரை நான் பிடிச்சு வச்சிருக்கேன்? என் இனிஷியல்ல என்ன குறை? ஒரு தப்புத்தண்டா கிடையாது, ஒரு மெமோ வாங்கினதில்ல, ஊருல மதிக்கிற பேரு. மக போன் பண்ணினப்ப நியாயம் கேட்டேன். அவ என்ன சொல்றா தெரியுமா? "அம்மாவுக்குப் பறவையெல்லாம் தெரியுமாப்பா? எனக்கு ஒரு காக்காயக்கூட காட்டினதில்லையே"ன்னு அழுகுறா. நான் ஒண்ணு கேட்டா அது ஒண்ணு சொல்லுது.

மறுநாள் அந்தப் பக்கத்தப் பாக்குறேன். புதுசா ஒரு வரி ஏத்திருக்கு. 'திருமணமாகி அறந்தாங்கிப் பகுதிக்குச் சென்றார். அதன் பிறகு தகவல் இல்லை.' உலகமே பாக்குற இடம் தம்பி அது. படிக்கிறவன் என்ன நினைப்பான்? எவனோ ஒரு படுபாவி கட்டிக்கிட்டுப் போய்க் கிணத்துல தள்ளிட்டான்னுதானே நினைப்பான்? என் பேரு அதுல இல்ல, சரி. ஆனா எனக்குத் தெரியுமில்ல, அது நான்தான்னு. கடைசியில என் பேரு ஏற வேண்டிய இடத்துல இந்த வரி ஏறிருச்சு. ராத்திரி சோறு இறங்கல எனக்கு. எழுதிப் போட்டேன், எடுங்கன்னு. நீங்க அவங்களுக்கு என்ன உறவுன்னு பதில் வந்துச்சு. புருஷன்னு சொன்னா, அவங்க வேற ஆளாச்சேங்கறாங்க. யாருமில்லன்னு சொன்னா, அப்புறம் உங்களுக்கென்னங்கறாங்க. நான் எத்தனை பேர இப்படி மேசைக்கு மேசை அலைய விட்டிருப்பேன், அது ஆபீஸ் நடைமுறை. இது என் குடும்பம்.

சனிக்கிழமை விழா. காலையில பாத்தா குமுதா குளிச்சு, பொட்டியில வச்சிருந்த நல்ல சேலை ஒண்ணு கட்டி, பையோட நிக்கிறா. எங்கன்னேன். ராமநாதபுரம், அந்த மேடை திறக்குறாங்கல்லங்கறா. நீதான் அவ இல்லையே, உனக்கென்ன அங்க வேலைன்னு மடக்கினேன். நல்லா மடக்கினேன்னுதான் நினைச்சேன்.

"தெரிஞ்சவளாச்சே. போகாம இருந்தா நல்லா இருக்காது"ன்னா. துக்கம் கேக்கப் போற வீட்டுக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் படி இறங்கிட்டா. பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேக்கல, காசு கேக்கல. அதுவரைக்கும் தனியா அவ கடைத்தெரு தாண்டினதில்ல.

விழாப் படமெல்லாம் அதுலயே போட்டிருந்தாங்க. மேடையில அவ இல்ல. கூட்டத்துல கடைசி வரிசையில உக்காந்து கை தட்டுறா. யாரோ ஒருத்திக்கு யாரோ தட்டுற மாதிரி. அடுத்த நாள் வந்துருவான்னு பாத்தேன், வரல. திங்கக்கிழமையும் வரல. பானு வீட்டுல இருக்காளாம், விடிகாலையில அந்தப் பொண்ணோட கண்மாய்க்குப் போறாளாம், மக சொன்னா. தூரக்கண்ணாடி ஒண்ணு யாரோ குடுத்திருக்காங்களாம். எனக்குப் போன் ஒண்ணு கிடையாது. நான் கூப்பிட்டா எடுக்கறதில்ல.

வீடு பூட்டின வீடு மாதிரி கிடக்கு தம்பி. டம்ளர் எங்க இருக்கு, சர்க்கரை எங்க இருக்கு, ஒண்ணும் எனக்குத் தெரியல. அது போகட்டும். சாயந்தரம் ஆனா பயமா இருக்கு. இந்த வயசுல இப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்ல. அதான் கிளம்பிட்டேன். சர்டிபிகேட்டும் பையில இருக்கு. அந்தச் சங்கத்துக்காரங்ககிட்ட, வேணும்னா கலெக்டர் ஆபீஸ்ல, எங்க வேணாலும் காட்டுவேன். இருவரும் ஒருவரே. அரசாங்கம் சொல்லியாச்சு. பொம்பளை நினைச்சா ரெண்டாயிற முடியுமா?

பரமக்குடி தாண்டிட்டோமா? தம்பி, ஒரு உதவி. உங்க போனக் குடுங்களேன். என் நம்பர்னா எடுக்க மாட்டேங்கறா, புது நம்பர்னா எடுப்பா. ஸ்டேஷனுக்கு வரச் சொல்லணும். நானே போட்டுத் தரேன், நம்பர் மனப்பாடம். இந்தா, ரிங் போகுது.

ஹலோ. ஆங், குமுதவல்லி இருக்காங்களா?

தம்பி, அவதான். அவ குரல்தான். பின்னால ஒரே பறவைச் சத்தம். என் குரல் தெரியலையா, தெரிஞ்சுதான் கேக்குறாளான்னு தெரியல. "எந்தக் குமுதவல்லிங்க?"ங்கறா. இந்தாங்க, நீங்க பேசுங்க. நீங்க பேசினா வைக்க மாட்டா. என்ன சொல்றதா? என்ன தம்பி கேள்வி இது, த. குமுதவல்லின்னு சொல்லுங்க. சொ.ன்னு சொல்லிராதீங்க. த., த.ன்னு அழுத்திச் சொல்லுங்க. தண்டபாணி சம்சாரம்னு சொல்லுங்க.

சொல்லிட்டீங்களா? என்ன சொல்றா?

அப்படி யாரும் அங்க இல்லையாமா?